மூடி கழற்றிய பேனை

1

முதலாளி காலமாகி முப்பத்தோராம் நாள் நெருங்குகிறது. கொழும்பிலிருந்து அவருடைய மகன் மின்னஞ்சல் எழுதியிருந்தார். நினைவு மலர் அடிக்கிறார்களாம். பழைய ஊழியர்கள் ஆளுக்கு அரைப் பக்கம் எழுதித் தர வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்கு முதல் வேண்டுமாம். தகப்பனுக்கும் எல்லாம் வெள்ளிக்கிழமைக்கு முதல்தான் வேண்டும். மகனும் அப்படியே வந்திருக்கிறார்.

அதே மின்னஞ்சல் சுவிசில் இருக்கும் தயாபரண்ணைக்கும் போயிருந்தது. முதலாளியின் கொட்டாஞ்சேனைக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், அவர் களஞ்சியப் பொறுப்பாளர், நான் கணினிக்காரன். எழுதுகிறீர்களா என்று தொலைபேசியில் கேட்டேன்.

"அந்தாளுக்கோ? அந்தாளின்ர பக்தி என்ர வாழ்க்கையில பதினொரு மாசத்தைத் திண்டது. நான் ஏன் எழுத வேணும்?" என்றார்.

நான் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டேன். இங்கே ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தயாபரண்ணை முதலாளியை வெறுப்பதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார். அந்தக் காரணம் பிழையானது. அது பிழை என்று தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். முதலாளியின் மனைவி சில வருடங்களுக்கு முன் போய்விட்டார். இப்போது முதலாளியும் இல்லை. மிஞ்சியிருப்பது நான் ஒருவன்.

2

நான் லண்டனுக்கு வெளியே ஒரு நகரசபையில் கணினி உதவி மேசையில் வேலை செய்கிறேன். ஊரில் இருப்பவர்கள் இதைப் பெரிய உத்தியோகம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது மற்றவர்கள் மறந்த கடவுச்சொல்லை மீட்டுக் கொடுக்கும் வேலை. திங்கட்கிழமை காலையில் நாற்பது பேர் மறந்திருப்பார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளில் ஒரு மனிதர் தன் நாய்க்குட்டியின் பெயரையும் பிறந்த வருடத்தையும் எப்படி மறக்கிறார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் ஒரு இலக்கம் உண்டு. இலக்கம் இல்லாத முறைப்பாடு நடக்கவேயில்லை. எதிர் மேசையில் இருப்பவரின் அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் நான் எழுந்து போய் இழுத்துவிட முடியாது. அவர் படிவம் நிரப்ப வேண்டும், அது என்னிடம் வர வேண்டும், பிறகு நான் எழ வேண்டும். வேலை முடிந்ததும் என்னை மதிப்பிடச் சொல்லி அவருக்கு ஐந்து முகங்கள் போகும், சிரித்த முகத்திலிருந்து அழுத முகம் வரைக்கும். ஒருமுறை ஒரு அம்மாவின் கணினி வேலை செய்யவில்லை என்று மூன்று மாடி ஏறிப் போனேன். சுவரில் சுவிட்ச் போடப்பட்டிருக்கவில்லை. போட்டுவிட்டு வந்தேன். அழுத முகம் வந்தது.

வந்த புதிதில் தொலைபேசியில் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். நான் ஏதோ தியானத்தில் இருக்கிறேன் என்று மேலாளரிடம் ஒருவர் சொல்லியிருக்கிறார். இப்போது "யெஸ்" பழகிவிட்டது. வீட்டிலும் அதுதான் வருகிறது. மனைவிக்குக் கோபமும் வருகிறது.

எங்கள் தொழிலுக்கு என்று ஒரு பொய் இருக்கிறது. எந்த நாட்டிலும் எந்தக் கணினிக்காரனும் சொல்லுவான்: பத்து நிமிடம். யாரையும் ஏமாற்ற அதைச் சொல்வதில்லை. சொல்லும்போது நாங்கள் அதை நம்புகிறோம். அதுதான் கரைச்சல்.

3

கொட்டாஞ்சேனையில் முதலாளியின் கம்பனி இரும்புச் சாமானும் பெயின்றும் இறக்குமதி செய்தது. கீழே கந்தோர், மேலே வீடு. அவர் பெயர் கதிரவேற்பிள்ளை. நாங்கள் ஐயா என்போம், மனைவியை அம்மா என்போம். யுத்தம் நடந்த காலம். வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்களுக்கு ஐயா வேலை கொடுத்தார். வேலை என்றால் சம்பளம் மட்டுமல்ல. கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்று பொலிஸ் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. பெற்றோருடன் வெள்ளவத்தையில் இருந்தேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு மாடியில் ஆறு மாதம் கணினி படித்திருந்தேன். அந்தக் கந்தோரில் என்னைவிட ஒருவருக்கும் அதைப்பற்றித் தெரியாது. ஆறு மாதப் படிப்புக்கு அது போதுமான தலைக்கனத்தைத் தந்தது. முதல் வேலையாக ஊழியர் பதிவுப் புத்தகத்தை ஒழித்தேன். எல்லாம் கணினியில் இருக்கிறது, இனி ஏன் இந்தக் குப்பை என்று ஐயாவிடம் சொன்னேன். புத்தகம் பழைய பேப்பர்காரரிடம் போனது. ஐயா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது.

கணினியில் எல்லாம் இருந்தது உண்மை. ஆனால் ஊழியர் விபரம் இருந்த புரோகிராம் சும்மா திறக்காது. அதற்கென ஒரு டிஸ்க் உண்டு. அதை உள்ளே போட்டால்தான் திறக்கும், வீட்டுக்குச் சாவி மாதிரி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்த டிஸ்க்கைக் கண்டிருக்க மாட்டார்கள். மெல்லிய சதுர உறை. உள்ளே கறுத்த வட்டத் தட்டு. உறையில் ஓரிடத்தில் மட்டும் நீள்வட்டமாக ஒரு திறப்பு, தட்டு அதனூடாகத் தெரியும். அந்த இடத்தில் விரல் படக்கூடாது. விற்றவர்கள் இப்படி இரண்டு தந்திருந்தார்கள். ஒன்று கந்தோரில், மற்றது பாதுகாப்புக்கு வெள்ளவத்தையில் என் அலுமாரியில். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது என்பதுதான் நான் படித்த முதல் பாடம்.

சரஸ்வதி பூசை வந்தது. ஐயாவின் கந்தோரில் நவராத்திரியின் கடைசி மூன்று நாளும் அது பெரிய விடயம். கணக்குப் புத்தகம், கடிதத் தாள், ரப்பர் சீல், தட்டச்சுப் பொறி, பேனை எல்லாம் படத்துக்கு முன்னால் போய்விடும். விசயதசமி அன்று காலையில் நல்ல நேரம் பார்த்துத்தான் திரும்ப எடுப்பது. அதுவரை ஒருவரும் ஒன்றையும் தொடுவதில்லை. களஞ்சியத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை மட்டும் நடக்கும்.

"தம்பி, உந்தக் கொம்பியூட்டரையும் வைப்பம். அதுக்குள்ளதானே எல்லா ஏடும் கிடக்கு" என்றார் ஐயா.

எனக்கு உள்ளூரச் சந்தோசம். என் இயந்திரத்துக்கு மரியாதை கிடைக்கிறது. டிஸ்க்கும் ஏடுதான் என்று எடுத்துக் கொடுத்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். வெள்ளவத்தையில் இருந்த மற்றதையும் கொண்டுவந்து தட்டில் வைத்தேன். வித்தையைப் பாதி வீட்டில் வைத்துவிட்டுப் பாதியைக் கும்பிடுவது சரியில்லை என்று பட்டது. படித்த பாடத்தை மீறுகிறேன் என்று அப்போது தோன்றவேயில்லை. சரஸ்வதி பூசை இல்லாத ஊரில் இந்தத் தொழிலைச் செய்யும் எவனும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான்.

4

பூசையில் வைத்த இரண்டாம் நாள், காலை ஏழரை மணிக்கு லொட்ஜ் மனேஜர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். தயாபரண்ணை தங்கியிருந்த லொட்ஜ் எங்கள் வீடு இருந்த ஒழுங்கைக்கு எதிரே. விடியற்காலையில் பொலிஸ் சுற்றி வளைத்து ஏழு பேரை ஏற்றிப் போய்விட்டார்களாம்.

பொலிஸுக்குப் போனேன். என் அடையாள அட்டையில் கொழும்பு விலாசம் இருந்தபடியால் உள்ளே போகும் துணிவு இருந்தது. மேசையில் இருந்தவர் மோசமான ஆள் இல்லை. வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம் கொண்டுவந்தவர்களை ஒவ்வொருவராக விட்டுக்கொண்டிருந்தார்.

"மல்லி, லியுமக் கேன்ன," என்றார் என்னிடம் சிங்களத்தில். கடிதம் ஒன்று கொண்டு வா. எப்போதிருந்து வேலை செய்கிறார் என்று எழுதி, சீல் அடித்து, பன்னிரண்டு மணிக்கு முன்னால். அதற்குப் பிறகு மிச்சப்பேர் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்றும் சொன்னார்.

உள்ளே நீள வாங்கில் தயாபரண்ணை உட்கார்ந்திருந்தார். உடம்பில் சாரமும் சேட்டும். என்னைக் கண்டதும் பாதி எழும்பித் திரும்ப இருந்தார்.

நூறாம் நம்பர் பஸ்ஸில் கோட்டைக்குப் போகும் வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து பையைத் திறந்து காட்டித் திரும்ப ஏற வேண்டும். அப்போது அது பல் தீட்டுவது போன்ற பழக்கம். கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி.

"ஐயா, தயாபரண்ணையைப் பிடிச்சுப் போட்டாங்கள். கடிதம் வேணுமாம். சேர்ந்த திகதி போட்டு, சீல் அடிச்சு. பன்ரெண்டு மணிக்கு முதல்."

ஐயா படத்தைப் பார்த்தார். எல்லாம் அங்கேதான் இருந்தது. தாளும் சீலும் பேனையும், மாலை போட்ட கணினியும். இவர் மறுக்கப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். படியில் நின்ற அம்மா முந்திக்கொண்டார்.

"என்னப்பா பாக்கிறியள்? ஒரு ஆளை வெளியில எடுக்கிறதுக்குச் சரஸ்வதி கோவிக்கவோ போறா?"

ஐயா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கும்பிட்டார். தாளையும் சீலையும் எடுத்தார். பேனையில் ஒட்டியிருந்த பூவிதழைத் தட்டிவிட்டு, மேசையில் வந்திருந்து மூடியைக் கழற்றினார்.

"சொல்லும். என்ன எழுத?"

"சேர்ந்த திகதி வேணும் ஐயா."

"ஆடி அமாவாசைக்கு மற்ற நாள். நான் அப்பாவுக்கு விரதம் இருந்தனான். அடுத்த நாள் காலமை வந்து வாசல்ல நிண்டவர்."

"அது எந்தத் திகதி?"

"போன வருசக் கலண்டர் மேல கிடக்கு. பாத்தாப் போச்சு."

இந்த இடத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இல்லை ஐயா. அண்ணை பொலிஸில பதிஞ்ச திகதியோட ஒரு நாள் பிசகினாலும் பிரச்சினை. கையால எழுதினா நம்புவாங்களோ தெரியாது. கொம்பியூட்டரில சரியாக் கிடக்கு. அடிச்சுத் தாறன். பத்து நிமிசம்."

பயத்தில் சொன்னதாக இத்தனை வருடம் எனக்கே சொல்லிவந்தேன். திகதி மாறியதால் வேறொருவரை மறித்து வைத்த கதையும் அப்போது உலவியது. ஆனால் அதில் பாதிதான் பயம். மற்றப் பாதி, புத்தகத்தை ஒழித்தவன் என்ற பெருமை. என் இயந்திரம் இருக்கும்போது ஆடி அமாவாசையை வைத்துத் திகதி சொல்வதா என்ற எண்ணம்.

மாலையை எடுத்தேன், கணினியைப் போட்டேன், டிஸ்க்கைக் கையில் எடுத்தேன். அம்மா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார். தட்டச்சுப் பொறிக்கு நெற்றியில், சீலுக்குப் பிடியில். டிஸ்க்குக்கு எங்கே வைப்பது என்று பார்த்திருப்பார். திறந்திருந்த அந்த நீள்வட்டம்தான் நெற்றி மாதிரி இருந்திருக்கிறது. சந்தனத்தைக் குழைத்து வைத்து அதன் மேல் குங்குமமும் வைத்திருந்தார். இரண்டு டிஸ்க்கிலும்.

"பிழையே தம்பி?" என்று அம்மா கேட்டார். முகம் செத்துப்போயிருந்தது.

"பரவாயில்லை அம்மா. கழுவலாம்."

கழுவலாம் என்பது உண்மை. கத்தரிக்கோலால் உறையின் ஓரத்தை வெட்டித் தட்டை வெளியே எடுத்தேன். கோப்பைத் தண்ணீரில் சவர்க்காரம் கரைத்துக் கழுவி, அம்மாவின் பழைய நூல் சேலைத் துண்டால் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே காயவிட்டு, புது டிஸ்க் ஒன்றின் உறையை வெட்டி அதற்குள் செருகினேன். போட்டேன். இயந்திரம் கறகறவென்று தேடியது. பிறகு திரையில் அந்தக் காலத்துக் கேள்வி வந்தது: கைவிடவா, மறுபடி முயலவா, தோற்கவா?

மறுபடி முயல் என்று கொடுத்தேன். எத்தனை தரம் என்று எண்ணவில்லை. முதலாவது டிஸ்க் கீறுப்பட்டுப் போயிருந்தது. இரண்டாவதை வெட்டினேன்.

இடையில் அம்மா மேலே போய்ப் பழைய கலண்டரைக் கொண்டுவந்து ஐயாவின் மேசையில் விரித்து வைத்தார். ஐயா ஒருமுறை கேட்டார், "தம்பி, நான் எழுதட்டோ?"

"முடிஞ்சுது ஐயா. பத்து நிமிசம்."

அவர் கையில் மூடி கழற்றிய பேனையுடன் அப்படியே இருந்தார். என்னை நம்பினார். இப்போது நினைக்க எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு அதட்டல் போட்டிருக்கலாமே.

பன்னிரண்டு பத்துக்குப் புரோகிராம் திறந்தது. கடிதம் அழகாக அச்சானது. சேர்ந்த திகதியை ஐயா பார்த்தார், பிறகு கலண்டரைப் பார்த்தார். ஆடி அமாவாசைக்கு மற்ற நாளேதான். கையெழுத்து வைக்கப் போனபோது பேனை எழுதவில்லை. அவ்வளவு நேரம் திறந்திருந்ததில் முனையில் மை காய்ந்திருந்தது. இரண்டு தரம் உதறி எழுதினார். எனக்கென்று ஓட்டோ பிடித்து அனுப்பினார். சோதனைச் சாவடியில் ஓட்டோவையும் நிறுத்தினார்கள்.

பொலிஸில் வாங்கு வெறுமையாக இருந்தது. காலையில் இருந்த அதே ஆள் சோற்றுப் பார்சலை மடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டரைக்கு ஏற்றிவிட்டதாகச் சொன்னார். பன்னிரண்டு வரை பார்த்து, அரை மணி நேரம் கூடவும் பார்த்ததாகச் சொன்னார். கடிதத்தை வாங்கி ஒரு தரம் பார்த்தார். திகதியை அவர் பார்க்கவேயில்லை. சீலைத்தான் பார்த்தார்.

5

பதினொரு மாதம். ஐயா வழக்கறிஞரைப் பிடித்தார், கடிதங்கள் எழுதினார். எல்லாம் கையால். நான் அச்சடித்துத் தருகிறேன் என்று சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை.

தயாபரண்ணை விடுதலையாகிக் கந்தோருக்கு வந்தார். இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. அதைப்பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தேத்தண்ணீர் குடித்து முடித்ததும், எப்போதும்போல 'ஐசே' என்று கூப்பிட்டு என்னைக் கேட்டார்.

"அண்டைக்கு ஏன் ஐசே கடிதம் பிந்தினது?"

"சரஸ்வதி பூசை அண்ணை. எல்லாம் பூசையில இருந்தது."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மிச்சத்தை அவரே கட்டிக்கொண்டார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஐயா இருந்தார். கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் தயாபரண்ணை வேலையை விட்டார், அதற்கடுத்த வருடம் நாட்டை விட்டார். பிறகு நானும் வந்துவிட்டேன்.

வருடத்துக்கு நாலைந்து தரம் அவர் அழைப்பார். கணினியில் ஏதாவது பழுது இருக்கும். நான் இங்கிருந்தே அவருடைய கணினிக்குள் புகுந்து சரி செய்து கொடுப்பேன். படிவமும் இல்லை, இலக்கமும் இல்லை. வேலை நடக்கும்போது ஐயாவைத் திட்டுவார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இது எத்தனை வருடம் நடந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் சரஸ்வதி பூசை நடக்கிறது. மகள் மென்பொருள் கம்பனியில் இருக்கிறாள். "எல்லாம் கிளவுட்டில இருக்கு அப்பா, எதை வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, தாய்க்காகக் கைத்தொலைபேசியை வைத்து இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவாள். நான் ஒரு பேனையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வேன். அதையும் வைக்கலாமே என்று மனைவி ஒவ்வொரு வருடமும் சொல்கிறாள். அவளுக்கும் நான் காரணம் சொன்னதில்லை.

6

அந்தச் சனிக்கிழமை தயாபரண்ணை அழைத்தார். ஓய்வூதியப் படிவம் ஒன்று திறக்கவில்லையாம். அவருடைய கணினிக்குள் புகுந்தேன். அவருடைய திரை என் திரையில் வந்தது. படிவத்தைத் திறந்து கொடுத்தேன். பக்கத்தில் அஞ்சல் பெட்டி திறந்திருந்தது. ஐயாவின் மகன் எழுதியது இன்னும் வாசிக்கப்படாமல் தடித்த எழுத்தில் இருந்தது.

"அதையும் அழிச்சு விடும் ஐசே. கண்ணில குத்திக்கொண்டு நிக்குது," என்றார்.

என் கையிலிருந்த அம்புக்குறி அவருடைய திரையில் அழிக்கும் இடத்துக்குப் போய் நின்றது. ஒரு தட்டுத்தான். அவர் கேட்டபடி செய்யும் வேலைதான் எனக்கு.

"அண்ணை, அண்டைக்கு ஐயா பத்து மணிக்கே பேனையை எடுத்தவர்."

"என்ன?"

"பூசையில இருந்து எடுத்து மூடியும் கழட்டினவர். கையால எழுதித் தாறன் எண்டவர். நான்தான் விடேல்லை. கொம்பியூட்டரில அடிக்க வேணும் எண்டு நிண்டனான்."



"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணித்தியாலம். கொஞ்சம் கூட."

"நீர் பூசை எண்டல்லோ சொன்னனீர்."

"ஓம்."

என் கை அசையாமல் இருக்க, அம்புக்குறி மெதுவாக நகர்ந்தது. தன் பக்கத்து மவுஸை அவர் பிடித்துவிட்டார். அந்த அஞ்சலைத் திறந்தார். வாசிக்கும் நேரம் அளவுக்கு அம்பு நின்றது. பிறகு ஒற்றை விரலால் எழுதத் தொடங்கினார். எழுத்து எழுத்தாக என் திரையில் வந்தது.

"உங்கள் அப்பா என்னை மீட்பதற்காகப் பூசையில் இருந்த பேனையை எடுத்தவர். எனக்கு அது இன்றைக்குத்தான் தெரியும். இவ்வளவு காலம் அவரைத் தூற்றித் திரிந்தேன். என்னை மன்னிக்கச் சொல்லி அவருடைய படத்துக்கு முன்னால் ஒருக்கால் சொல்லி விடவும். இதை மலரில் போடலாம்."

நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவர் கேட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயரை அவர் எழுதவில்லை. அனுப்பினார். அடுத்த நொடி என் திரை வெளுத்தது. தொலைபேசியும் நின்றது.

இணைப்பை மறுமுனை முடித்துவிட்டதாக ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதன் அடியில் கேட்டிருந்தது: மறுபடி முயலவா?

நான் கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டேன்.